இது நடிப்பல்ல, நோய்! ஆக்சலோட்டல் தேறி வர என்ன செய்யலாம்?

'மைன்கிராஃப்ட்' விளையாடும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்த விளையாட்டில் வரும் ஆக்சலோட்டலுக்கு அடிபட்டால், செத்ததுபோலக் கிடக்கும். சில நொடிகளில் உடம்பு தேறி மறுபடியும் நீந்தும். 2021-ல் அது அந்த விளையாட்டுக்குள் வந்ததும், சிரித்த முகமும் இறகுபோன்ற செவுள்களும் கொண்ட இந்தப் பிராணி குழந்தைகளுக்கு ரொம்பவே பிடித்துப்போனது. பல நாடுகளில் வீட்டுத் தொட்டியிலும் வளர்க்கிறார்கள். ஆனால், வீட்டுத் தொட்டியில் இருப்பது சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், அது நடிப்பல்ல.

மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த ஆக்சலோட்டல், சாலமாண்டர் வகை உயிரினம். துண்டான காலும் வாலும் அதற்கு மறுபடி முளைக்கும். இதயத்திலும் மூளையிலும் ஏற்படும் காயத்தைக்கூட ஓரளவு சரிசெய்துகொள்ளும். இவ்வளவு சக்தி இருக்கும்போது நோய் என்ன செய்துவிடும் என்று தோன்றும். காயம் வேறு, நோய் வேறு. போன காலை அது முளைக்க வைத்துவிடும். கெட்டுப்போன தண்ணீரை அதனால் எதுவும் செய்ய முடியாது. அது வளர்ப்பவரின் வேலை.

செவுளைப் பாருங்கள்

ஆக்சலோட்டலின் வாய் அமைப்பே சிரிப்பதுபோலத்தான் இருக்கும். நோய் வந்தாலும் அந்தச் 'சிரிப்பு' மாறாது. அதனால் முகத்தை விட்டுவிட்டுச் செவுள்களைக் கவனிக்க வேண்டும். அவை முன்பக்கமாகச் சுருண்டால் ஏதோ தொந்தரவு இருக்கிறது என்று அர்த்தம். வால் நுனி கொக்கிபோல் வளைவது, உணவை மறுப்பது, கீழே இறங்க முடியாமல் மிதப்பது ஆகியவையும் எச்சரிக்கைதான். செவுளில் பஞ்சுபோல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் பூஞ்சை.

முதல் மருந்து தண்ணீர்

மருந்தைத் தேடும் முன் தெர்மாமீட்டரையும் டெஸ்ட் கிட்டையும் எடுங்கள். ஆக்சலோட்டலுக்கு ஏற்ற வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24 டிகிரியைத் தாண்டினால் உடம்பு தாங்காது. தண்ணீர் சூடாகச் சூடாக அதிலுள்ள ஆக்சிஜன் குறையும், கிருமிகள் பெருகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியா, செவுளையும் தோலையும் புண்ணாக்கிவிடும்.

நோயுற்ற ஆக்சலோட்டலைத் தனி பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுவதுதான் வழக்கமான முறை. குளோரின் நீக்கிய தண்ணீரை உடம்பு முழுக்க மூழ்கும் அளவுக்கு ஊற்றி, தினமும் முழுவதுமாக மாற்ற வேண்டும். புதுத் தண்ணீரை முன்கூட்டியே பிடித்து, பழைய தண்ணீரின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குளிர வைக்கிறேன் என்று ஐஸ் கட்டியை நேரடியாகப் போடுவது ஆபத்து. திடீர் குளிர்ச்சியே அதிர்ச்சியாகிவிடும். தண்ணீரின் மேல்மட்டத்தில் படுமாறு சின்ன ஃபேனை வைத்தால், வெப்பம் மெதுவாகக் குறையும்.

ஆக்சலோட்டலுக்குக் கண் இமை கிடையாது. வெளிச்சத்தை மூடித் தடுக்க முடியாது. டப்பாவை நிழலான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பார்க்க வரும் குழந்தைகள் கையில் எடுக்க ஆசைப்படுவார்கள். குணமாகும்வரை கண்ணால் பார்த்தால் போதும்.

மருந்தில் அவசரம் வேண்டாம்

பூஞ்சைக்கு உப்புத் தண்ணீர்க் குளியல் கொடுப்பது பழைய வைத்தியம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 முதல் 3 டீஸ்பூன் உப்பு, சுமார் 10 நிமிடம். 15 நிமிடத்தைத் தாண்டவே கூடாது. உப்பு, அயோடின் சேர்க்காததாக இருக்க வேண்டும். ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே வாழும் இந்தப் பிராணியை, அயோடின் தரைவாழ் உருவத்துக்குத் தள்ளிவிடக்கூடும் என்பதே காரணம்.

மீன்களுக்கு விற்கும் மருந்தை அப்படியே ஊற்றாதீர்கள். ஆக்சலோட்டலின் மெல்லிய தோல் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். தாமிரமும் மாலகைட் கிரீனும் உள்ள மருந்துகள் அதற்கு விஷம்போல.

வயிறு உப்பியிருந்தாலோ, காலிலும் வயிற்றிலும் சிவப்புத் திட்டு தெரிந்தாலோ, தலைகீழாக மிதந்தாலோ, நீர்வாழ் பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். இது இரையை வாயைத் திறந்து உறிஞ்சி விழுங்கும் பிராணி. அப்போது தொட்டியின் அடியில் உள்ள கூழாங்கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடலாம். எக்ஸ்ரே எடுத்தால்தான் அது தெரியும்.

பசி திரும்பும்போது

சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். வளர்ந்த ஆக்சலோட்டல் நலமாக இருக்கும்போதே 2, 3 நாளுக்கு ஒருமுறை சாப்பிட்டால் போதும். பூச்சிமருந்து படாத மண்ணில் எடுத்த மண்புழுவைக் கழுவி, சின்னத் துண்டாக நீட்டிப் பாருங்கள். வாங்கவில்லை என்றால் எடுத்துவிட்டு மறுநாள் முயலுங்கள். மீந்த துண்டு தண்ணீரிலேயே கிடந்தால் மறுபடி அம்மோனியாதான்.

செவுள் இழைகள் பழையபடி அடர்ந்து, தானாக இரையைத் தேடத் தொடங்கினால் தேறிவிட்டது என்று சொல்லலாம். ஆனால், நோய் கொடுத்த அதே தண்ணீருக்குத் திருப்பி அனுப்பினால் பட்ட பாடெல்லாம் வீண். தொட்டியைச் சோதித்த பிறகே மாற்றுங்கள். ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் குளோரினில் செத்துவிடும்.

சொந்த ஊரிலும் தண்ணீர்தான் பிரச்னை

இயற்கையில் ஆக்சலோட்டல் எஞ்சியிருப்பது மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ கால்வாய்களில்தான். 1998-ல் அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014 கணக்கெடுப்பில் 36தான். கழிவுநீரும், கொண்டுவந்து விடப்பட்ட கெண்டை, திலேப்பியா மீன்களும் முக்கியக் காரணங்கள். இப்போது விஞ்ஞானிகளும் விவசாயிகளும் சேர்ந்து சில கால்வாய்களைத் தடுத்து, தண்ணீரைச் சுத்தமாக்கி வருகிறார்கள். மனிதர்கள் வளர்த்த 18 ஆக்சலோட்டல்களை சோச்சிமில்கோவிலும் ஒரு செயற்கை நீர்நிலையிலும் விட்டுப் பார்த்தார்கள். அவை பிழைத்தன, மறுபடி பிடிபட்டவை எடையும் கூடியிருந்தன என்று 2025-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

ஆக்சலோட்டல் இருக்கும் வீட்டில், 'எப்ப சரியாகும்?' என்று பிள்ளைகள் நச்சரித்தால், அவர்களுக்கும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் பார்த்து, சாப்பிட்டதா இல்லையா என்பதையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதட்டும். மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.