நீங்க என்ன ஆளுக?

தூத்துக்குடி துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் வரவேண்டும் என்றால் என்னவெல்லாம் கேட்பார்கள்? என்ன சரக்கு, எத்தனை டன், எவ்வளவு ஆழம் வேண்டும், எத்தனை நாள் நிற்கும், கட்டணம் கட்டியாச்சா? அவ்வளவுதான். கேப்டன் கறி சாப்பிடுகிறவரா, கல்யாணம் ஆனவரா, எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்க ஆரம்பித்தால் துறைமுகத்தை இழுத்து மூடிவிட்டு எல்லோரும் உப்பளத்துக்குத்தான் போகவேண்டும்.

அதே ஊரில், ஒரு ஹால், ஒரு படுக்கையறை, உப்புத் தண்ணீர் வரும் ஒரு குழாய் கொண்ட மாடிப் போர்ஷனை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் மரியாதையாக நாற்காலி போடுவார். காபி கூட வரும். "சொந்த ஊர் எது?" என்பார். சொன்னால், "அங்கே எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால், "அப்பா பேரு?" அதிலும் விஷயம் பிடிபடவில்லை என்றால், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நினைச்சுக்கிடாதீங்க... நீங்க என்ன ஆளுக?"

தப்பாகத்தான் நினைக்கவேண்டும். வேறெப்படி நினைப்பது?

இது தூத்துக்குடிக்கு மட்டும் வந்த வியாதி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியடைய வேண்டாம். அதே வீட்டுக்காரரின் மகனுக்குச் சென்னையில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்குகிறான். புரோக்கர் பைக்கில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுகிறார். முதல் வீட்டில் "பேச்சிலருக்குக் கொடுக்கிறதில்லை." இரண்டாவது வீட்டில் போர்டிலேயே எழுதியிருக்கிறது: சைவம் மட்டும். மூன்றாவது வீட்டில் எல்லாம் பேசி முடித்தபிறகு, "எதுக்கும் வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்." அந்த போன் வரவே வராது. சீலா மீன் குழம்பிலும் நெத்திலிக் கருவாட்டிலும் வளர்ந்த பையன், ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டுப் புலம்புகிறான். அப்பாவுக்கு ரத்தம் கொதிக்கிறது. "மீன் தின்னா வீடு தரமாட்டானுவளா? இது என்னடா நியாயம்?"

நியாயமே இல்லைதான் அண்ணாச்சி. ஆனால் உங்கள் மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறதே, அதற்குப் போன வாரம் வந்து கேட்டுவிட்டுப் போன குடும்பத்தை என்ன சொல்லி அனுப்பினீர்கள்?

இந்த வியாதியின் விசேஷமே இதுதான். ஒவ்வொருவரும் ஓர் ஊரில் அடிபடுகிறவர், இன்னோர் ஊரில் அடிக்கிறவர். சிங்கப்பூரில் வாடகை வீட்டு விளம்பரங்களில் "இந்தியர்கள் வேண்டாம்" என்று வந்ததைப் படித்து நாம் கொதித்தோம். அதற்கு அங்கே சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? நாம் வைக்கிற குழம்பின் வாசனை. சென்னையில் மீன் வாசனைக்காக ஒருவரைத் திருப்பி அனுப்புகிற அதே ஆள், தன் பிள்ளையின் சாம்பார்ப் பொடி வாசனைக்காக சிங்கப்பூரில் கதவு சாத்தப்பட்டால் அதை இனவெறி என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். இங்கே நடப்பதற்கும் அதே பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வருவதில்லை.

கேள்விகள் ஜாதியோடும் சாப்பாட்டோடும் நிற்பதில்லை. பெயரைச் சொன்னதுமே மதம் தெரிந்து, "இப்பதான் வேற ஆளுக்கு பேசி முடிச்சோம்" என்று கட் ஆகும் போன்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸிடம், "ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க? யார் யார் வந்து போவாங்க?" என்று போலீஸ் விசாரணை. கணவனைப் பிரிந்து குழந்தையோடு வருகிற பெண்ணிடம், "சார் எங்கே?" திருநங்கை என்றால் கேள்வியே கிடையாது, கதவே திறப்பதில்லை. வடக்கே இருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் என்றால், பத்துப் பேரை ஒரே அறையில் அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று வசூல். அங்கே மட்டும் யாரும் "என்ன ஆளுக" என்று கேட்பதில்லை. தலைக்கணக்கில் காசு வரும்போது ஆசாரம் பார்ப்பதில்லை போலும்.

"என் வீடு, என் இஷ்டம்" என்பீர்கள். வீட்டுக்காரர்களின் பயத்தில் கொஞ்சம் உண்மை இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீடு. வாடகை தராமல் இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். காலி செய்யச் சொன்னால் கோர்ட்டுக்குப் போங்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைந்த பெரியவர்களின் கதை எல்லாத் தெருவிலும் உண்டு.

ஆனால் அந்தச் சட்டம் போய்விட்டது. 2017-இல் நிறைவேறிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். வீட்டை உள்வாடகைக்கு விட்டாலும் போகலாம். உங்கள் பயத்துக்கு மருந்து அங்கே இருக்கிறது. ஜாதி கேட்பதில் இல்லை. வாடகை பாக்கி வைக்கிற ஜாதி, சுவரில் ஆணி அடிக்கிற மதம் என்று ஏதாவது பட்டியல் வைத்திருக்கிறீர்களா? உங்களை ஏமாற்றிவிட்டுப் போன பழைய குடித்தனக்காரர் யார் என்று யோசித்துப் பாருங்கள். "நம்ம ஆளுதானே" என்று எழுத்தில் எதுவும் இல்லாமல் விட்டவராகத்தான் அநேகமாக இருப்பார்.

இதே சட்டம் குடியிருப்பவர்களுக்கும் சில விஷயங்களைச் சொல்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, மீதியைத் திருப்பித் தரவேண்டும். வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. தண்ணீரை நிறுத்தியோ கரண்டைப் பிடுங்கியோ யாரையும் விரட்டக்கூடாது. ஆனால் அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள்: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில்தான் மூன்று மாதம். அந்த ஓட்டை வழியாகத்தான் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கம்பீரமாக நடந்து போகிறது. மாதம் 12,000 ரூபாய் வாடகை என்றால் 1,20,000 ரூபாய். வருடத்துக்கு 6 சதவீத வட்டி என்று கணக்குப் போட்டால்கூட 7,200 ரூபாய் வீட்டுக்காரருக்கு இனாம். போகும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகை தனியாகப் பிடித்தம்.

பணத்துக்காவது சட்டத்தில் அரைகுறையாக ஒரு வரி இருக்கிறது. பாரபட்சத்துக்கு அதுவும் இல்லை. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, ஜாதி மதம் பார்த்துக் கடையிலும் ஓட்டலிலும் ஒருவரைத் தடுக்கக்கூடாது என்கிறது. தனியார் வாடகை வீட்டைப் பற்றிப் பேசவில்லை. தீண்டாமையின் பெயரில் ஒருவரை ஒரு பகுதியில் குடியிருக்கவிடாமல் தடுப்பது 1955-ஆம் வருடத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்பதை எந்தக் கோர்ட்டில் போய்த் தீண்டாமை என்று நிரூபிப்பீர்கள்? 2005-இல் உச்சநீதிமன்றமே, பார்சிகளின் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று பார்சிகளை மட்டும் உறுப்பினராக வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவில் 1968-லேயே, இனம், நிறம், மதம் பார்த்து வீடு மறுப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1988-இல், குழந்தை இருக்கிறது என்று சொல்லி மறுப்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே எல்லோரும் புத்தராகிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. மறுக்கப்பட்டவன் போய்த் தட்ட ஒரு கதவாவது இருக்கிறது.

மற்ற ஊர்களைவிடத் தூத்துக்குடிக்கு இந்தக் கேள்வி இன்னும் அசிங்கம். அந்நியர்களால் வளர்ந்த ஊர் அது. போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், இங்கிலீஷ்காரர் வந்தார்கள். முத்துக்குளிப்புக் காலத்தில் கடற்கரை மணலில் ஓலைக் கொட்டகைகளாக ஒரு தற்காலிக ஊரே எழும்பும். பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், செட்டியார்கள், அரபு வியாபாரிகள் என்று அத்தனை பேரும் ஒரே மணலில் தங்கினார்கள். இந்தக் கரையில் அந்தக் குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. முத்து போனதும், கூட இருக்கத் தெரிந்த பழக்கமும் போய்விட்டதா?

துறைமுகத்துக்கு 2011-இல் வ.உ.சிதம்பரனாரின் பெயரை வைத்தோம். 1906-இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது அதன் தலைவர் பாண்டித்துரைத் தேவர். 2 லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். அன்றைக்கு ஒருவரை ஒருவர் "நீங்க என்ன ஆளுக" என்று விசாரித்துக்கொண்டிருந்தால் கப்பல் கரையை விட்டு நகர்ந்திருக்குமா? அதே வ.உ.சி., பார்வையற்ற இராமையா தேசிகர் என்ற தலித்தைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துச் சோறு போட்டவர். சொந்தக்காரர்கள் எதிர்த்தார்கள். மனைவி வள்ளியம்மை கணவர் பக்கம் நின்றார். அவர் பெயரை வாசலில் எழுதிவைத்திருக்கும் ஊரில், நூறு வருடம் கழித்து, மாடிப் போர்ஷனுக்கு ஜாதி கேட்கிறோம்.

இனி இந்தக் கேள்வி குறையாது, கூடும். வியட்நாம்காரர்களின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் விமான நிலையத்துக்குப் புதிய முனையம் வந்தது. வேலைக்கு ஆட்கள் வருவார்கள். பல ஊர், பல பாஷை, பல சாப்பாடு. பெட்டி படுக்கையோடு உங்கள் தெருவில்தான் வந்து நிற்பார்கள். தொழிற்சாலை வேண்டும், வியாபாரம் வேண்டும், வாடகை ஏறவேண்டும், ஆனால் வருகிற ஆள் மட்டும் நம்ம ஆளாக இருக்கவேண்டும் என்றால் எப்படிங்க?

அரசாங்கம் செய்யவேண்டியது பெரிய காரியமில்லை. இருக்கிற வாடகைச் சட்டத்தில் இரண்டு திருத்தம். மூன்று மாத அட்வான்ஸில் இருக்கும் ஓட்டையை அடைக்கட்டும். ஜாதி, மதம், உணவு, திருமண நிலை காரணமாக வீடு மறுப்பது குற்றம் என்று ஒரு வரி சேர்க்கட்டும். நிரூபிப்பது கஷ்டம்தான். வரதட்சணையையும் நிரூபிப்பது கஷ்டம், அதற்காகச் சட்டம் வேண்டாம் என்றா இருந்தோம்? "சைவம் மட்டும்" என்ற போர்டாவது பகிரங்கமாகத் தொங்காமல் இருக்கும்.

வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கேள்வி வந்தால் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்லாதீர்கள். முக்கியமாக, "நாங்க உங்க ஆளுதான்" என்று பல்லிளித்து வீட்டை வாங்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் வரும் பத்துப் பேருக்கு நீங்கள்தான் கதவைச் சாத்துகிறீர்கள்.

வீட்டுக்காரர்களே, கேட்கவேண்டியதைத் தாராளமாகக் கேளுங்கள். என்ன வேலை, எத்தனை பேர், எத்தனை நாள் இருப்பீர்கள், வாடகை எந்தத் தேதியில் வரும்? அடையாள அட்டை வாங்குங்கள், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். போர்டில் வாடகையும் அட்வான்ஸும் எழுதுங்கள். அதற்குமேல் இடம் இருந்தால், நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும் என்று எழுதுங்கள். குடிவருகிறவருக்கு அதுதான் உபயோகப்படும்.