பழைய சாமான்

"நகை எத்தனை பவுன் மேடம்?" வேங்கிக்காலில் வீட்டுக் காப்பீடு விற்க வந்தவரின் முதல் கேள்வி. இருநூறு இசைத்தட்டுகள் இருக்கின்றன என்றேன். "அது பழைய சாமான்ல வந்துடும். சார் பேர்லயே போட்டுடலாமா?"

1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவுசெய்தார். கௌரவமான குடும்பங்கள் கூசி ஒதுங்கிய ஒலிக்குழலின் முன், தெற்கிலும் தேவதாசி மரபுப் பெண்களே துணிந்து நின்றார்கள். அந்தக் குரல்கள் இருப்பது அரக்குத் தட்டில். கை தவறினால் அப்பளம். அதுவா பழைய சாமான்?

2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் கட்டிலும் பீரோவும் பொதுப் பொருள்கள். நகை, ஓவியம், கலைப்பொருள், தொன்மையான பொருள்களைத் தனியாகப் பட்டியலிட்டு, மதிப்பை முன்னதாகவே ஒப்புக்கொள்ள வைக்கலாம். மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒரு பொருள் 1 லட்சத்துக்குள் என்றால் மதிப்புச் சான்றிதழும் வேண்டாம். வாடகை வீட்டுக்காரியும் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். (கையெழுத்துப் பிரதிகளுக்கு, தனியே குறிப்பிட்டாலொழிய, காப்பு இல்லை. கவிதை எழுதுகிறவர்கள் கவனிக்க!)

கழுத்தில் தொங்குவதற்கு விலை கேட்கிறவர்கள், நாம் தேடிச் சேர்த்ததற்குக் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. வெள்ளம் வந்து போனபின் சர்வேயரிடம் அழுது என்ன பயன்?

பாடியவர், கம்பெனி, தட்டு எண், தொகை என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தேன். கே.பி. சுந்தராம்பாளிலிருந்து தொடங்கினேன். பாலிசி என் பெயரில்.