முகவரி யாரிடம் இருக்கிறது?

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அம்முடிவு சரியா, தவறா என்பது இங்கு நம் பொருளன்று. அச்செயலியின் வழியே லட்சக்கணக்கானோரைத் தம் ரசிகர்களாக்கிக் கொண்டிருந்த சிற்றூர்க் கலைஞர்கள் பலர், ஓரிரு நாளில் அத்தனை பேரையும் இழந்தார்கள். ரசிகர்கள் எங்கும் போய்விடவில்லை. அதே ஊர்களில் அதே கைப்பேசியுடன்தான் இருந்தார்கள். அவர்களின் முகவரிதான் கலைஞர்களின் கையில் இல்லை.

பொருளியலில் இதைச் சொத்துரிமைச் சிக்கல் என்போம். உழைத்துச் சேர்த்தவர் ஒருவர்; சேர்ந்தவை எழுதப்பட்டிருப்பதோ வேறொருவரின் பேரேட்டில். தடை என்று ஒன்று வரவேண்டும் என்பதுகூட இல்லை. 2018 ஜனவரியில் முகநூல் நிறுவனம், நண்பர், உறவினர் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று அறிவித்தது. அதை நம்பி வாசகரைத் திரட்டியிருந்த செய்தி நிறுவனங்கள் பல, எந்தப் பிழையும் செய்யாமலேயே வாசகரை இழந்தன. குத்தகை நிலத்தில் சொந்தச் செலவில் கிணறு வெட்டியவரின் நிலைதான்.

இந்தப் பின்னணியில்தான், 1971-இல் ரே டாம்லின்சன் கணினி வலையமைப்பில் முதன்முதலாக அனுப்பிப் பார்த்த மின்னஞ்சல், அரை நூற்றாண்டு கடந்து மறுமதிப்புப் பெறுகிறது. மின்னஞ்சலுக்குத் தனியொரு முதலாளி இல்லை. அனுப்ப உதவும் நிறுவனம் பிடிக்கவில்லையென்றால், முகவரிப் பட்டியலோடு வேறிடம் செல்லலாம். அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியை ஹெதர் காக்ஸ் ரிச்சர்ட்சன் 2019-இல் தொடங்கிய மின்மடலைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெறுகிறார்கள். நாட்டு நடப்பை வரலாற்றின் துணையோடு விளக்கும் எளிய மடல் அது. ஆடல், பாடல் எதுவும் இல்லை.

ஆனால், பட்டியல் வேறு, சமூகம் வேறு. ஆயிரம் பேருக்கு ஒரே நொடியில் மடல் அனுப்புவது ஒலிபெருக்கி வைப்பதற்குச் சமம். கேட்பவர் பேசும்போதுதான் அது உறவாகிறது.

பணி ஓய்வுக்குப் பின், என் முன்னாள் மாணவர்கள் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு மாதம் இருமுறை மின்மடல் அனுப்பி வருகிறேன். மத்திய நிதிநிலை அறிக்கை குறித்து மிகுந்த அக்கறையோடு எழுதிய மடலுக்கு இரண்டு பதில்கள் வந்தன. இரண்டும் 'நன்றி ஐயா'. 2025-இல் நகைக்கடனுக்கான புதிய விதிகளை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தபோது, 'உங்கள் ஊரில் நகையை எங்கே, எதற்காக அடகு வைக்கிறார்கள்?' என்று மட்டும் கேட்டு எழுதினேன். நாற்பது பதில்கள் குவிந்தன. பாட்டி வழி வந்த சங்கிலிக்கு ரசீது எங்கிருந்து வரும் என்று கேட்டார் ஓர் ஆசிரியை. கூட்டுறவுச் சங்கத்தில் பணியாற்றும் மாணவர், விதைப்புக் காலத்தில் அடகு வைத்து அறுவடையில் மீட்கும் சுழற்சியை விளக்கியிருந்தார். அவர்கள் ஒப்புதலோடு அப்பதில்களை அடுத்த மடலில் வெளியிட்டேன். வெவ்வேறு ஆண்டுகளில் படித்த, ஒருவரையொருவர் அறியாத அவ்விருவரும் இன்று நேரடியாக எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கடிதங்களில் எனக்கு வேலையே இல்லை என்பது கூடுதல் மகிழ்ச்சி.

மடலை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கைப் பெரிதுபடுத்துவோர் உண்டு. 2021-இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு வசதிக்குப் பின் அந்தக் கணக்கே நம்பத்தக்கதாக இல்லை. அதனால் இழப்பும் இல்லை. வந்த பதில்களை எண்ணினால் போதும்.

மின்னஞ்சலும் முற்றிலும் சுதந்திர நிலமன்று. 2024 பிப்ரவரி முதல், பெருமளவில் மடல் அனுப்புவோர் தம் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தரவேண்டும் என்று கூகுளும் யாஹூவும் விதித்தன. இவ்விதிகளை நான் வரவேற்கிறேன். எளிதாக விலக முடிந்தும் விலகாதிருப்பவரே உண்மையான வாசகர்.

நம்மிடையே பலருக்கு மின்னஞ்சல் என்பது வங்கி அறிவிப்பும் வேலை விண்ணப்பமும் வந்துபோகும் இடம் மட்டுமே. உரையாடல் எல்லாம் வாட்ஸ்ஆப் குழுக்களில்தான். அங்கு காலை வணக்கப் படங்களுக்கிடையே ஒரு நல்ல கேள்வி பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. என் பட்டியலில் மின்னஞ்சலே இல்லாத ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதே மடலை அச்செடுத்து, ஐந்து ரூபாய் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன். நகைக்கடன் கேள்விக்கு அவர்களில் ஆறு பேர் பதில் எழுதியிருந்தார்கள்.