கேமிங் லேப்டாப் வேணுமா? முதல்ல திண்டுக்கல் வெயிலைக் கேளுங்க

"அண்ணா, ஒரு நல்ல கேமிங் லேப்டாப் சொல்லுங்க." மாசத்துக்கு நாலு பேராவது இந்தக் கேள்வியோட வர்றீங்க. டிபார்ட்மென்ட்ல எவன் கம்ப்யூட்டர் செத்தாலும் ஸ்க்ரூ டிரைவரோட போய் நிக்கிறவன் நான்தான்னு தெரிஞ்சதால வர்ற வினை. தனித்தனியா சொல்லிச் சொல்லி தொண்டை வறண்டு போச்சு, அதனால மொத்தமா இங்க எழுதிடுறேன். என் பதில் ஒரே வார்த்தை: வாங்காதீங்க.

கோபப்படாதீங்க. நானும் கேம் ஆடுறவன்தான். கேம் ஆடாதே, படின்னு சொல்ல வீட்டுல ஆள் இருக்காங்க. நான் சொல்றது, நம்ம காசுக்கும் நம்ம ஊருக்கும் அந்தப் பொருள் ஒத்துவராதுங்கிறதுதான்.

ஒரு ஜூனியரை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், பேர் வேண்டாம். அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல மூட்டை ஏத்துறவர். அம்மாவோட வளையலை அடகு வச்சு முன்பணம், மீதி 18 மாச இஎம்ஐ. லேப்டாப் வந்தது, சிவப்புக் கலர்ல கீபோர்டு மின்னிச்சு, ஹாஸ்டல்ல ஒரு வாரம் திருவிழா. அப்புறம்? மெஷினும் செங்கல் சைஸ் சார்ஜரும் சேர்ந்து மூணு கிலோவுக்குப் பக்கம். பேட்டரி ரெண்டு மணி நேரம் தாங்காது. கிளாஸ்ல இருக்கிறது ரெண்டே ப்ளக் பாயிண்ட், அதுல ஒண்ணு ப்ரொஜெக்டருக்கு. அதனால லேப்டாப் ரூமை விட்டு வெளியவே வர்றதில்லை. அதுல அவன் ஆடுற கேம் வாலரன்ட். தனி கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத சாதாரண லேப்டாப்லயும் செட்டிங்ஸைக் குறைச்சா ஓடுற கேம் அது. ஒவ்வொரு மாசமும் இஎம்ஐ தேதி நெருங்கும்போது மெஸ்ல அவன் முகத்தைப் பார்த்தா எனக்கு சாப்பாடு இறங்காது.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பொருளை விக்கிற விதமே அப்படி. ஸ்டிக்கர்ல "ஆர்டிஎக்ஸ் 4050"னு போட்டிருக்கும். அதே சிப் லேப்டாப்புக்கு லேப்டாப் 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் எந்த அளவுல வேணும்னாலும் ஓடலாம்னு என்விடியாவே அனுமதிக்குது. 35 வாட்ல ஓடுறதும் 115 வாட்ல ஓடுறதும் ஒரே வண்டியா? பேர் மட்டும் ஒண்ணு. வாட் எவ்வளவுன்னு கடைக்காரரைக் கேட்டுப் பாருங்க, "தம்பி, இது லேட்டஸ்ட் மாடல்"னு பதில் வரும். இன்னொண்ணு, லேப்டாப் 4090க்குள்ள இருக்கிறது டெஸ்க்டாப் 4090 சிப்பே இல்லை. டெஸ்க்டாப் 4080ல இருக்கிற சிப். மெமரியும் 24 ஜிபி இல்லை, 16தான். 2025 ஜனவரியில ஜென்சன் ஹுவாங் மேடையேறி, 549 டாலர் 5070 கார்டு 4090க்கு சமமா ஓடும்னு சொன்னாரே, அதுவும் இந்த வகைதான். ஒரு நிஜ ஃப்ரேமுக்கு நடுவுல மூணு ஃப்ரேமை ஏஐ வரைஞ்சு சொருகினாதான் அந்தக் கணக்கு வரும். ஸ்கிரீன்ல நம்பர் ஏறும். நீங்க மவுஸ் கிளிக் பண்ணா குண்டு பாயுற வேகம் ஏறாது.

இப்ப வெயிலுக்கு வர்றேன். இதைப் பத்தி யாரும் பேசறதே இல்லை, எனக்கு இதுதான் முக்கியம்.

நீங்க பார்க்குற ரிவ்யூ வீடியோ எல்லாம் ஏசி ரூம்ல எடுத்தது. ரூம் 22, 24 டிகிரியில இருக்கும். நம்ம ஊர்ல ஏப்ரல், மே மாசம் மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம் மதியம் எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா? 36ன்னு வச்சுக்குவோம். வித்தியாசம் 12 டிகிரி. உள்ள ஃபேன் சுத்துறது வெளிக்காத்தை வச்சுத்தான். அதனால வெளிக்காத்து 12 டிகிரி கூடினா சிப்போட சூடும் ஏறக்குறைய அதே 12 டிகிரி கூடும். தெர்மோடைனமிக்ஸ்ல அரியர் வச்சவனுக்கும் இது புரியும். ஏசி ரூம்லயே அந்த மெல்லிசு லேப்டாப் 90 டிகிரியைத் தொட்டுக்கிட்டு ஓடுது. இன்னும் 12 கூட்டுங்க. 95, 100 டிகிரின்னு சிப்புக்கு ஒரு எல்லை இருக்கு. அதைத் தொட்டதும் உயிரைக் காப்பாத்திக்க தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். நீங்க காசு கொடுத்து வாங்கின வேகம், வருஷத்துல நாலு மாசம் உங்களுக்குக் கிடைக்காது. இஎம்ஐக்கு மட்டும் கோடை விடுமுறை கிடையாது.

தூசி வேற. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு நடுவுல வீடு இருக்கிறவங்க ஒரு தடவை லேப்டாப் ஃபேனைக் கழட்டிப் பாருங்க. ஹீட் சிங்க் வாயில பஞ்சு தலையணை மாதிரி அடைச்சிருக்கும். நான் ஒண்ணுல இருந்து பிரஷ் வச்சு உருவி எடுத்தது கைப்பிடி அளவு. டெஸ்க்டாப்னா பக்கத்து மூடியைத் திறந்து ஊதிவிட்டு மூடிடலாம். லேப்டாப்ல அடி மூடியைக் கழட்ட பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ. அதுல ஒண்ணு கட்டாயம் கட்டிலுக்கு அடியில உருண்டு போகும்.

"அண்ணா, கேமுக்கு மட்டும் இல்லை, ப்ராஜெக்ட்டுக்கும் வேணும்"னு அடுத்து ஒரு சாக்கு வரும். ஏஐ ப்ராஜெக்ட்டா? கூகுள் கோலாப்ல 16 ஜிபி மெமரியோட டி4 கார்டு கொஞ்ச நேரத்துக்கு இலவசமாவே கிடைக்குது. உங்க லேப்டாப்ல இருக்கப் போறது 6, மிஞ்சிப் போனா 8 ஜிபி. நம்ம காலேஜ்ல நடக்குற ஏஐ ப்ராஜெக்ட்ல பாதி ரெண்டாயிரம் வரி எக்செல் ஷீட்டை வச்சு நடக்குதுங்கிறது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கைடுக்கும் தெரியும். மெக்கானிக்கல் பசங்க பெரிய அசெம்பிளி வரைஞ்சு ரெண்டர் பண்றீங்கன்னா அது வேற, உங்களோட எனக்குச் சண்டை இல்லை. "ஜிடிஏ 6 வருது, அதுக்காக வாங்குறேன்"னு ஒருத்தன் வந்தான் பாருங்க, அவனை மட்டும் மன்னிக்கவே முடியலை. ராக்ஸ்டார் அறிவிச்சிருக்கிறது பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ரெண்டுக்கும்தான். பிசிக்கு எப்பன்னு ஒரு வார்த்தை சொல்லலை.

சரி, அப்ப என்னதான் வாங்குறது?

பழைய ஆபீஸ் டெஸ்க்டாப். சிரிக்காதீங்க. கம்பெனிகள் மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு மொத்தமா கழிச்சு விடுற டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திடுச்சு. அதனால இந்த மாதிரி மெஷின் இன்னும் நிறைய வெளிய வருது. பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: இன்டெல் 8ஆம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும். அதுக்குக் கீழ உள்ளதை விண்டோஸ் 11 முறைப்படி ஏத்துக்காது. வாலரன்டும் விண்டோஸ் 11ல டிபிஎம், செக்யூர் பூட் ரெண்டும் கேக்கும். ஐ5 8500 கிடைச்சா ஆறு கோர். 2018 சிப்தான், ஆனா நீங்க ஆடுற கேமுக்குப் போதும். நான் விசாரிச்ச வரைக்கும் இப்படி ஒரு மெஷினுக்கு கேமிங் லேப்டாப் விலையில கால்வாசி கூட ஆகாது.

கிராஃபிக்ஸ் கார்டு போடும்போது மட்டும் கவனம். இந்த ஆபீஸ் மெஷின்ல பவர் சப்ளை சின்னது, 200 வாட் மாதிரிதான் இருக்கும். தனி பவர் வயரும் வராது. அதனால ஸ்லாட்ல இருந்தே கரண்ட் எடுத்துக்கிற கார்டுதான் சரி. 75 வாட் ஜிடிஎக்ஸ் 1650, இல்லைன்னா 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. ஒல்லி கேஸா இருந்தா கார்டும் குட்டை மாடலா இருக்கணும். அளவு எடுக்காம ஆர்டர் போட்டுட்டு என்கிட்ட வந்து நிக்காதீங்க. அப்புறம் ஒரு யுபிஎஸ். நம்ம கரண்ட் எப்ப போகும்னு நம்ம யாருக்கும் தெரியாது.

புதுசா அசெம்பிள் பண்ணலாமேன்னு கேப்பீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா நானே மதுரைக்கு பஸ் ஏறி உங்களோட வந்திருப்பேன். இப்ப ரேம் விலையைப் பார்த்தீங்களா? 2025 கடைசியில சில மாசத்துலயே ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு. உலகத்துக்கு ரேம் சிப் பெரும்பாலும் செய்யுறது மூணே கம்பெனி: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்காரங்க கேக்குற விலைக்கு அந்தப் பக்கம் சரக்கு போகுது. 2025 டிசம்பர்ல மைக்ரான், நம்மள மாதிரி ஆட்கள் வாங்குற க்ரூஷியல் பிராண்டையே மூடுறோம்னு அறிவிச்சிடுச்சு. நம்ம பசங்க பாதிப் பேர் மாட்டின முதல் ரேம் அதுதான். குஜராத் சானந்த்ல மைக்ரான் ஆலை வருதே, விலை குறையாதான்னு ஒருத்தர் கேட்டார். அங்க நடக்கிறது சிப்பை அடுக்கி, பேக் பண்ணி, சோதிக்கிற வேலை. சிலிக்கானைச் செதுக்குற வேலை இல்லை. புது ஆலை கட்ட வருஷக்கணக்காகும். பழைய டெஸ்க்டாப் நல்லதுன்னு நான் அடிச்சுச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இதுதான். அதுக்குள்ள பழைய ரேம் ஏற்கனவே உக்காந்திருக்கு.

லேப்டாப்தான் வேணும், தினமும் பஸ்ல வந்து போறேன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். ரேமை போர்டோட சேர்த்து சால்டர் வச்சு ஒட்டின மாடலை வாங்காதீங்க. நம்ம ஊர்ப் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க. மாங்காய்ப் பூட்டு எந்த வீட்டுலயாவது பழசா ஒண்ணு கிடக்கும், தேடிப் பாருங்க. நல்லாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில கொண்டு போய்க் கொடுத்தா, திறந்து உள்ள லிவரைப் பார்த்து, புது சாவி ராவிக் கொடுப்பாங்க. கையால செஞ்ச பொருள், கையால திறக்கலாம். இன்னைக்கு லட்ச ரூபா லேப்டாப்புக்கு அந்த யோக்கியதை இல்லை. ரேம் போச்சுன்னா மொத்த போர்டும் போச்சு.

கடையில வச்சே கண்டுபிடிக்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், மெமரி போங்க. ஸ்லாட்ல ரெண்டுல ஒண்ணுன்னு காட்டினா ஒரு இடம் காலி, பின்னாடி ரேம் சேர்க்கலாம். "ரோ ஆஃப் சிப்ஸ்"னு காட்டினா ஒட்டினது, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. காலி இடத்துக்கு ஏன் இவ்வளவு அடிச்சுக்கிறேன்னா, தனி கார்டு இல்லாத லேப்டாப்ல கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்குது. டிடிஆர்4 3200 ரேம் ஒண்ணு மாட்டினா நொடிக்கு 25.6 ஜிபி போகும், ரெண்டு மாட்டினா 51.2. பாதை ரெண்டு மடங்கு அகலமாகுது. செத்த லேப்டாப்ல இருந்து எடுத்த ஒரு பழைய ரேம் குச்சியால கேம் ஃப்ரேம் ஏறுறதை நீங்களே பார்க்கலாம்.

இதே கோரிக்கை அரசாங்கத்துக்கும் உண்டு. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்னு அறிவிச்சு, 2026 ஜனவரியில கொடுக்க ஆரம்பிச்சாங்க. டெல், ஏசர், எச்பி. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இலவசம்னு கேலி பண்றவங்க 2011ல ஆரம்பிச்ச பழைய திட்டத்தோட மெஷின் எத்தனை வீட்டுல இன்னும் ஓடுதுன்னு போய்ப் பார்க்கணும். என் அத்தை பையன் பிளஸ் டூவுல வாங்கினதுல ஹார்ட் டிஸ்கைக் கழட்டிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டோம். இன்னைக்கும் அத்தை அதுலதான் தையல் கடைக் கணக்கு எழுதுறாங்க. கழட்ட முடிஞ்சதாலதான் அது பிழைச்சது. அடுத்த டெண்டர்ல "ஒரு ரேம் ஸ்லாட் காலியா இருக்கணும்"னு ஒரு வரி சேர்த்தா, அந்த மெஷினோட ஆயுசு மூணு நாலு வருஷம் கூடும். லட்சக்கணக்குல வாங்குறவங்க கேட்டா எந்தக் கம்பெனியும் முடியாதுன்னு சொல்லாது.

உங்க வீட்டுல தம்பியோ தங்கச்சியோ அரசுக் கல்லூரியில படிச்சு அந்த லேப்டாப் வாங்கியிருந்தா, டாஸ்க் மேனேஜர்ல என்ன காட்டுதுன்னு ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. எந்த மாடல்ல காலி ஸ்லாட் இருக்கு, எதுல இல்லைன்னு ஒரு பட்டியல் போட்டு அடுத்த இதழ்ல போடுறேன். வாரண்டி முடியுற வரைக்கும் அடி மூடியை மட்டும் தொடாதீங்க.