குசினி மேசையில் ஐந்து வாக்குகள்

2022 ஏப்பிரல் மாத இறுதியில், நோர்பரியில் லண்டன் வீதிக்கு அண்மையிலுள்ள ஒரு தமிழர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். குசினி மேசையில் ஐந்து தபால் உறைகள் பிரிக்கப்பட்டுக் கிடந்தன. குறொய்டன் நகரசபைக்கு நேரடியாக மேயரைத் தெரிவுசெய்யும் முதலாவது தேர்தலுக்கு ஒரு சீட்டு. வட்டாரத்தின் இரு உறுப்பினர்களுக்கு இன்னொன்று. ஐவருக்கும் சேர்த்துப் பத்துச் சீட்டுகள். பத்தையும் குடும்பத் தலைவரே நிரப்பிக்கொண்டிருந்தார். அவரது வயோதிபத் தாயார் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டார். மனைவி தேநீர் ஊற்றினார். பல்கலைக்கழகத்தில் பயிலும் மகள், "அப்பா செய்வார்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

அவரைக் குற்றவாளியாக்குவது எமது நோக்கமன்று. அகதி விண்ணப்பம் முதல் பிள்ளைகளின் பாடசாலைப் படிவம் வரை இந்நாட்டின் தாள்கள் அனைத்தையும் அக்குடும்பத்துக்காக நிரப்பிய கை அது. ஆனால் வாக்குச்சீட்டு அவற்றுள் ஒன்றல்ல.

பிரித்தானியாவில் இரகசிய வாக்களிப்பு 1872 ஆம் ஆண்டுச் சட்டத்துடன் வந்தது. வாக்குச்சாவடியிலுள்ள மறைப்பு, முதலாளியிடமிருந்து தொழிலாளியை மட்டுமன்றி, கணவனிடமிருந்து மனைவியையும் காக்கிறது. காரணம் கூறாமலே எவரும் தபால் வாக்கைப் பெறலாம் என்ற வசதி 2001 முதல் இங்கு உண்டு. வேலை நேரம் ஒழுங்கற்ற எம்மவர்க்கு அது பேருதவி. எனினும் குசினியில் மறைப்பு இல்லை. இக்குறையை ஓரளவு உணர்ந்தே 2022 ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம், தபால் வாக்கை நிரப்பும் ஒருவர் எவருக்கு வாக்களிக்கிறார் என அறிய முயல்வதைக் குற்றமாக்கியது. கட்சிப் பணியாளர் வீடு வீடாகச் சென்று பிறரது தபால் வாக்குகளைச் சேகரிப்பதையும் தடுத்தது.

1981 இல் யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலின்போது வாக்குப் பெட்டிகள் காணாமற்போனதை எமது மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எமது வாக்கை வேறொருவர் எடுத்துச் சென்றால் எப்படியிருக்கும் என்பதை எமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. இலங்கைப் பெண்கள் 1931 இலேயே சர்வசன வாக்குரிமை பெற்றவர்கள். அந்தத் தாயாரும் ஊரில் இருந்த காலத்தில் வரிசையில் நின்று தனியாகவே புள்ளடி இட்டிருப்பார். லண்டனுக்கு வந்தபின் அவ்வுரிமை மகனின் பேனாவுக்குப் போயிற்று.

சீட்டு நீளமானது, அம்மாவுக்கு விளங்காது என்பார்கள். எம்மவர் நீண்ட சீட்டுக்குப் புதியவர்களா? 2024 இலங்கை சனாதிபதித் தேர்தல் சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. தமிழகத்தின் மொடக்குறிச்சியில் 1996 இல் 1033 வேட்பாளர்கள் நின்றதால் வாக்குச்சீட்டே புத்தகமாயிற்று! தடுமாற்றம் எல்லோர்க்கும் பொது. 2021 லண்டன் மேயர் தேர்தலில் 20 பெயர்கள் இரு நிரல்களில் அச்சாகியிருந்தன. முதல் விருப்பத் தெரிவில் மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. ஒன்றுக்கு மேற்பட்ட முதல் விருப்பத்தைக் குறித்தவர்களே அவர்களுள் அதிகம். முன்பு விடைத்தாள் திருத்திய நாளில், ஐந்து வினாக்களுக்கு மட்டும் விடை கேட்க எட்டுக்கும் எழுதிய கெட்டிக்காரரை நாம் கண்டிருக்கிறோம். 2023 மே முதல் மேயர் தேர்தலில் ஒரே புள்ளடிதான்.

உறைக்குள் வரும் கூற்றுப் படிவத்தில்தான் எம்மவர் பெரும்பாலும் இடறுகின்றனர். பிறந்த திகதிக்குரிய இடத்தில் அன்றைய திகதியை எழுதுவோர் உளர். சாதகத்தில் ஒரு திகதி, கடவுச்சீட்டில் வேறொரு திகதி உள்ளவர்கள் விண்ணப்பத்தில் கொடுத்ததையே எழுதவேண்டும். விண்ணப்பத்தில் தமிழில் கையொப்பமிட்டவர் இங்கு ஆங்கிலத்தில் இட்டால் இரண்டும் பொருந்தா. கணவன் மனைவி படிவங்கள் உறை மாறிப்போவதும் உண்டு.

இவை சிறு விடயங்கள் அல்ல. 2022 இல் குறொய்டன் மேயர் பதவி 600 க்கும் குறைந்த வாக்குகளால் தீர்மானமாயிற்று. வரவுசெலவைச் சமப்படுத்த இயலாதென 2020 நவம்பரில் அறிவித்த நகரசபை அது. 2023 ஏப்பிரலில் கவுன்சில் வரி ஏறத்தாழ 15 வீதம் உயர்ந்தது. அந்த மேசையைச் சுற்றியிருந்த ஐவரும் அதைச் செலுத்துபவர்களே.

பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாதவர்க்கு வாக்கில்லை என்ற எண்ணம் இன்னும் பரவலாக உண்டு. இலங்கை பொதுநலவாய நாடு. 18 வயதடைந்து, இங்கு தங்கும் அனுமதி பெற்ற இலங்கையர் தேர்தல் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கலாம். விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், அனுமதியின்றிக் காத்திருப்போர்க்கு அவ்வுரிமை இல்லை. வேண்டுமென்று ஏங்குவோர்க்குக் கிடையாத ஒன்றை, கிடைத்தவர்கள் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போகின்றனர் என்பதே எமது மனத்தாங்கல்.

தபால் வாக்கு இப்போது மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடராது, மீண்டும் விண்ணப்பிக்கவேண்டும். அவ்வேளையில் ஒவ்வொருவரும் தத்தமது படிவத்தைத் தாமே நிரப்பட்டும். உறை வரும்போது பேத்தி மாடியிலிருந்து இறங்கிவந்து, பெயர்களை அப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும். பின்னர் பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகட்டும். தகப்பனாரையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.