‘எந்தத் தெரு?’ என்று கேட்கும் ஆற்றங்கரை

கடந்த தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமிரபரணிக் கரையில் நடக்கப் போயிருந்தேன். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்களோடு சேர்த்துப் பதினான்கு பேர். எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஏற்பட்ட அறிமுகம். சேரன்மகாதேவிப் பக்கம் இறங்கி, கன்னடியன் கால்வாய்க் கரையைப் பிடித்து, வயல் வரப்புகளில் புகுந்து ஆற்றங்கரைக்கு வந்து, மருத மர நிழலில் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது திட்டம். ஆறு கிலோமீட்டர்தான். மேடு பள்ளம் கிடையாது. “மூட்டு வலி உள்ளவர்களும் வரலாம்” என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள்.

அழகாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பிசான நெல் பால் பிடித்து நின்றது. கால்வாயில் தண்ணீர் ஓடியது. பலர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஈர வரப்பில் நடந்தார்கள். எங்களில் ஒருவர், “இப்படி நடந்தா மனசு லேசாயிடுது” என்றார். எனக்கும் லேசாகத்தான் இருந்தது, பைக்கில் வந்த அந்தப் பெரியவர் எங்களை நிறுத்தும்வரை.

“எங்கருந்து வாரீய?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சென்னை என்றார்கள், மதுரை என்றார்கள். “சந்தோசம். பாத்துப் போங்க, வரப்பு வழுக்கும்” என்றார். என் முறை வந்தபோது, அங்கிருந்து சில மைல் தள்ளியிருக்கும் என் ஊரின் பெயரைச் சொன்னேன். சிரிப்பு அப்படியே இருந்தது. அடுத்த கேள்வி வந்தது: “அங்க எந்தத் தெரு?”

இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. “பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்றேன்” என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன். “ஆராய்ச்சியா, சரி சரி” என்று வண்டியை எடுத்தார். முப்பது வயதைத் தாண்டி, முனைவர் பட்ட ஆய்வின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறவன், ஒரு வரப்பில் நிற்பதற்கு அத்தாட்சி காட்டினேன். கூட வந்த தோழி, “அவர் நட்பாத்தானே கேட்டார்?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சென்னையிலிருந்து வந்தவர்களிடம் அவர் நட்பாகத்தான் கேட்டார்.

ஆற்றங்கரையில் காலாற நடப்பது எல்லோருக்கும் பொதுவான இன்பம் என்று நினைக்கிறோம். இந்த நாட்டில் பாதை என்பது முதலில் உரிமை. அந்த உரிமை உறுதியானவர்களுக்குத்தான் நடை இன்பமாகிறது.

என் ஆச்சி நாற்பது வருடங்களுக்கு மேல் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். விடியும் முன்னே வரப்புகளில் நடந்து போவாள். அவளை ஒருவரும் ‘எந்தத் தெரு?’ என்று கேட்டதில்லை. கையிலிருந்த நாற்றுமுடியே அனுமதிச் சீட்டு. வேலை முடிந்து வெறுங்கையோடு திரும்பும்போது அதே வரப்பில் வரமாட்டாள். கால்வாய்க் கரையைச் சுற்றித்தான் வருவாள். “ஏன் ஆச்சி?” என்று சின்ன வயதில் கேட்டால், “சோலி இல்லாம அங்கன என்னத்துக்கு?” என்பாள். அதை அவளுடைய பழக்கம் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2014இல் ஆச்சி இறந்தாள். சுடுகாட்டுக்கு வயல் வழியே நேர்ப்பாதை, கால் மணி நேரம். எங்கள் பெரியவர்கள் போய்க் கேட்டார்கள். “பயிர் நிக்குதுல்லா” என்று பதில் வந்தது. கால்வாய்க் கரையைச் சுற்றி, ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு மணி நேரம் தூக்கிப் போனோம். பயிர் நின்றது உண்மைதான். அதில் பெரும்பகுதியை நட்டது எங்கள் தெருப் பெண்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் கோடையில் இறந்தவர்களும் அதே சுற்று வழியில்தான் போயிருக்கிறார்கள். எனவே பயிர் காரணமல்ல. வேலை செய்ய வரும் உடல் வயலுக்குள் வரலாம். வேலை முடிந்த உடல் வரக்கூடாது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். பாலாற்றங்கரைக்குப் போகும் வழியில் உள்ள நிலத்தின் வழியாகத் தலித் ஒருவரின் உடலைக் கொண்டுபோக விடவில்லை. உறவினர்கள் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஆற்றுக்குள் இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது. வயல்வெளி, ஆறு, கரை என்று நாம் நடந்துபோய்ப் படமெடுக்கும் அத்தனையும் அந்தக் காணொளியிலும் இருக்கின்றன.

“காலாற நடப்பதிலுமா சாதியைத் தேடுவீர்கள்?” என்று நண்பர்கள் சிலர் அலுத்துக்கொள்வார்கள். நாம் தேடிப் போகவில்லை. சாதி எதிர்ப்பின் வரலாற்றில் பெரும்பகுதி, நடந்து போகும் உரிமைக்கான வரலாறுதான். 1893இல் அய்யன்காளி வில்வண்டி ஏறித் திருவிதாங்கூரின் பொதுச்சாலையில் போனது அதற்காக. 1924 மார்ச் 30இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் கோயிலுக்குள் நுழையக் கேட்கவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கத்தான் கேட்டது. அதற்காகப் பெரியார் இரண்டு முறை சிறை போனார். 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் தலைமையில் மகாத்தில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாக நடந்துதான் சவதார் குளத்தை அடைந்தார்கள்.

இதே தாமிரபரணிக் கரையில்தான் 1999 ஜூலை 23 நிகழ்ந்தது. கூலி உயர்வும் கைதான தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் ஆதரவாளர்களும் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். காவல்துறை தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் பிணமானார்கள். கொக்கிரகுளத்தில் ஆற்றோரம் நடக்கிறவர்கள் அங்கே ஒரு நிமிடம் நிற்கலாம்.

கிராமப்புற நடையைக் கொண்டாடும் வழக்கத்துக்கு இங்கிலாந்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அங்கேயும் அது தானாகக் கிடைக்கவில்லை. 1932 ஏப்ரல் 24இல், பறவை வேட்டைக்காக அடைத்துவைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் மலைப்பகுதிக்குள் மான்செஸ்டர், ஷெஃபீல்டு தொழிலாளர்கள் தடையை மீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நாடெங்கும் உள்ள நடைபாதைகளை வரைபடத்தில் பதிவு செய்யவேண்டும் என்று 1949இல் சட்டம் வந்தது. இன்று அங்கே வயலின் குறுக்கே போகும் பொதுப்பாதையை உழவுக்காகக் கலைத்தால், 14 நாட்களுக்குள் சரிசெய்து தரவேண்டியது நில உரிமையாளரின் கடமை. அங்கே சிக்கல் நிலவுடைமை. இங்கே நிலவுடைமையோடு தீட்டும் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் கற்க ஒன்று உண்டு: பாதை யாருடைய பெருந்தன்மையிலும் இருக்கக்கூடாது, ஆவணத்தில் இருக்கவேண்டும்.

நமக்கும் சட்டம் இருக்கிறது. சாலை, குளம், படித்துறை எதிலும் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2) பிரிவு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், மயானம், ஆறு, சாலை, பாதை ஆகியவற்றைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றமாகப் பட்டியலிடுகிறது. பொது இடத்தில் செருப்பணிந்து போவதைத் தடுப்பதும் அதே பட்டியலில் உண்டு. ஈர வரப்பில் செருப்பைக் கையில் பிடித்து நடந்த எங்கள் குழுவினருக்கு அது விளையாட்டு. என் அப்பாவின் தலைமுறைக்கு ஊர்த்தெருவில் அது கட்டளை.

நிலம் வைத்திருக்கிறவர்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு வரப்பு உடைந்தால் நட்டம்தான். நாலு பேர் மிதித்த நெல் எழாது. அதற்கும் தீர்வு பதிவான பாதைதான். இன்ன இடத்தில், இத்தனை அடி அகலத்தில் பாதை என்று அளந்து கல் நட்டுவிட்டால் யாரும் பயிரில் இறங்க வேண்டியதில்லை, யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே, நடப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நடங்கள், கண்ணைத் திறந்துகொண்டு நடங்கள். நடைக் குழு நடத்தும் தோழர்கள் ஊருக்குள் நுழையும்போது சேரி வழியாகவும் நுழையுங்கள். வழிகாட்டியாக நில உரிமையாளரை மட்டும் வைக்காமல், அந்த வயலில் நட்ட பெண்களில் ஒருவரை அழைத்து, உரிய கூலியும் கொடுங்கள். ‘இந்த ஊரில் மயானத்துக்கு எந்த வழியாகப் போவீர்கள்?’ என்று அவரிடம் கேளுங்கள். ஊரின் முழு வரைபடமும் அந்தப் பதிலில் இருக்கும்.

கிராமத்தில் இருக்கும் இளைஞர்களுக்கு இன்னொரு வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். வண்டிப்பாதை, மயானப் பாதை, ஆற்றுப் புறம்போக்கு எவை என்று புல எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். ஆவணத்தில் இருந்து தரையில் காணாமல் போனவற்றை மீட்கச் சொல்லியும், ஆவணத்திலேயே இல்லாதவற்றுக்கு நிலம் எடுக்கச் சொல்லியும் கிராமசபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். மே 1க்கும் ஆகஸ்ட் 15க்கும் சபை கூடத்தான் செய்கிறது.

எங்கள் ஊர் மயானப் பாதையின் புல எண்ணைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறேன். பதில் வந்ததும், எங்கள் தெருவிலிருந்து புறப்பட்டு, வயலின் குறுக்கே அந்தப் பாதையில் ஒரு நடை போகலாம் என்று குழுவில் எழுதினேன். சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சரியாகக் கால் மணி நேரம். மூட்டு வலி உள்ளவர்களும் வரலாம்.