மூணுக்கு ரெண்டு பேர் சொன்னால் வசை வசையில்லையா?

'கம்ப்யூட்டருக்கு சாதி தெரியாது' என்று நம் தோழர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சரி, கம்ப்யூட்டருக்குத் தெரியாதுதான். அதற்குச் சொல்லிக்கொடுக்கிறவனுக்குத் தெரியுமே! அப்படிச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் மூன்று வருஷம் ஆட்களை மேய்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இதைக் குற்றப்பத்திரிகை என்று எடுத்துக்கொண்டால் அதில் என் பேரும் உண்டு.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எந்திரம் தானாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. சாலைப் படத்தில் எது லாரி, எது ஆள் என்று ஒருவர் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு வாக்கியம் வசையா, சாதாரணமா என்று ஒருவர் குறித்துத் தர வேண்டும். இதற்குப் பேர் லேபிள் போடுவது. அமெரிக்காவில் 2009இல் வெளிவந்து, பின்னால் 1.4 கோடி படங்களாக வளர்ந்த 'இமேஜ்நெட்' இப்படித்தான் உருவானது. அமேசான் 2005இல் தொடங்கிய 'மெக்கானிக்கல் டர்க்' வழியாக, பல நாட்டுக் கூலிகள் வீட்டிலிருந்தே போட்ட லேபிள்கள் அவை. மெக்கானிக்கல் டர்க் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் காட்டப்பட்ட சதுரங்க எந்திரத்தின் பேர். எந்திரம் ஆடுகிறது என்று ஊரே வாய்பிளந்து பார்த்தது. உள்ளே ஒரு மனுசன் ஒளிந்திருந்தான். நமக்கு இது புதுசா என்ன? களத்து நெல்லில் அறுத்தவன் பேர் என்றைக்கு இருந்தது?

இந்த வேலையை இன்று கிளவுடில் ஏவுகிறார்கள். அமேசானின் 'கிரவுண்ட் ட்ரூத்' 2018இல் வந்தது. மற்றவர்களிடமும் இதுபோன்ற கருவிகள் உண்டு. கோப்பை ஏற்ற வேண்டும், லேபிள் பட்டியலைக் கொடுக்க வேண்டும், கைடுலைன் எழுத வேண்டும். வெளிக்கூட்டத்துக்கு விடுவதா, சொந்த ஆட்களுக்கா, காண்டிராக்டருக்கா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு உருப்படியை எத்தனை பேர் பார்க்க வேண்டும் என்று எண் கொடுக்க வேண்டும். மூன்று பேர் பார்த்து மூன்று பதில் சொன்னால், கருவியே கணக்குப் போட்டு ஒரே பதிலாக்கித் தந்துவிடும். அந்த ஒற்றைப் பதிலுக்கு அந்தத் துறையில் வைத்திருக்கிற பேர்தான் 'கிரவுண்ட் ட்ரூத்', தரை உண்மை. யாருடைய தரை என்று யாரும் கேட்பதில்லை.

நான் இருந்தது தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரம். காண்டிராக்ட் எடுத்த கம்பெனி, மாடியில் அறுபது சிஸ்டம், ரெண்டு ஷிப்ட். பாதிக்கு மேல் பெண்கள். பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள், கணிசமான பேர் நம்ம பிள்ளைகள். மில்லுக்குப் போவதைவிட மரியாதையான வேலை, சம்பளமும் கொஞ்சம் கூட. அந்த வேலை பல வீட்டில் அடுப்பெரிய வைத்தது, அதை மறுக்கவில்லை. நாங்கள் பயன்படுத்தியது வேறு கருவி என்றாலும் கணக்கு இதே கணக்குதான். டாஷ்போர்டில் ஒவ்வொருவர் பேருக்கும் எதிரே ஒரு எண் இருக்கும். அக்யூரஸி என்போம். மற்றவர்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறாய் என்பதுதான் அந்த எண்.

ஒரு முறை தமிழ்க் கமெண்டுகள் வந்தன. வசை, வெறுப்பு, சாதாரணம் என்று மூன்று லேபிள். உருப்படிக்கு மூன்று பேர். கைடுலைன் இங்கிலீஷில் எழுதி இங்கே பெயர்த்தது. ஒரு சமூகத்தின் பேரைச் சொல்லி இழிவுபடுத்தினால் மட்டுமே வெறுப்பு அல்லது வசை என்றது. வந்த கமெண்டுகள் எப்படியிருந்தன தெரியுமா? 'காலனிப் புத்தியைக் காட்டிட்டான்.' 'கோட்டாவுல வந்ததுக்கே இவ்வளவு வாயா?' நம் எல்லோருக்கும் காதில் பழகிய வாக்கியங்கள். ரெண்டு பேர் சாதாரணம் என்று போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பெண் மட்டும் வசை, வசை என்றே போட்டுக்கொண்டிருந்தது.

கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்மா, சாதிப் பேர் இருந்தாத்தான வசைன்னு போடச் சொல்லிருக்கு? இதுல பேரே இல்லையே?"

"பேர் சொன்னாத்தான் திட்டாண்ணா? எங்க தெருவச் சொன்னாப் போதாதா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்த மாதிரித் தெருதான். ஆபீசில் யாருக்கும் தெரியாது, தெரியவிடவில்லை. மூன்று வாரத்தில் அந்தப் பெண்ணின் அக்யூரஸி 71க்கு வந்தது. வரம்பு 85. வரம்புக்குக் கீழே போனவர்கள் பட்டியலை மேலே அனுப்புவது என் வேலை. அனுப்பினேன். அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டு "வர்றேங்கண்ணா" என்று அந்தப் பெண் இறங்கிப் போய்விட்டது. சாதிக்காக நீக்கினோம் என்று அந்தக் கம்பெனியில் ஒரு தாளில்கூட இருக்காது. எண்தான் நீக்கியது.

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து, 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாக, வசையாக ஆகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். அந்தப் பெண் அதற்கு முன்பே கண்டு சொன்ன உண்மை அது. ஆனால் எங்கள் டாஷ்போர்டில் அது பிழை!

கணக்கு எங்கே இடறுகிறது? 1979இல் டாவிட், ஸ்கீன் என்ற இரு புள்ளியியலாளர்கள் ஒரு முறை எழுதினார்கள். ஒரே நோயாளியைப் பற்றிப் பல மருத்துவர்களின் பதிவுகள் முரண்பட்டால், ஒவ்வொருவரும் எவ்வளவு பிழை செய்கிறார் என்று மதிப்பிட்டு உண்மையை ஊகிப்பது எப்படி என்பது. இன்றைய லேபிள் கணக்குகள் பலவற்றுக்கு அதுதான் வேர். படத்தில் இருப்பது நாயா நரியா என்பதற்கு இது சரி. நாய் நாய்தான், யார் பார்த்தாலும். ஆனால் வசை அப்படியா? அடி வாங்குகிறவனுக்குத் தெரிகிற வலி பக்கத்தில் நிற்கிற ரெண்டு பேருக்குத் தெரியவில்லை என்பதால் அடியே விழவில்லை என்றாகுமா? இங்கே சிறுபான்மையின் பார்வையை 'பிழை' என்று எழுதும்போது கணிதம் முடிந்து அரசியல் தொடங்கிவிடுகிறது.

அந்த அரசியல் நமக்குப் பழசு. 1932இல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி கேட்டு அம்பேத்கர் நின்றது எதற்கு? நம் சார்பில் பேச வேண்டியவரை நம்மை ஒதுக்கிவைத்த பெரும்பான்மையே தேர்ந்தெடுத்தால் அவர் நமக்காகப் பேச முடியாது என்பதற்குத்தான். பூனா ஒப்பந்தத்தில் கடைசி முடிவு பொதுத்தொகுதியின் கைக்குப் போனது. மூணுக்கு ரெண்டு என்ற இந்தக் கணக்கும் ஒரு பொதுத்தொகுதிதான். அதில் நாம் ஓட்டுப் போடலாம், ஜெயிக்க முடியாது. அதே சென்னையில் 1922இல் எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணத்தில் பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுதவைத்தார். நமக்கு யார் பேர் வைப்பது என்பது அன்றைக்கே போராட்டம். இன்றைக்கு அந்தப் பேரேடு கிளவுடுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை வெறும் சாதி உணர்ச்சி என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இமேஜ்நெட்டில் மனிதர்களுக்குப் போட்டிருந்த பேர்களில் பாதிக்கும் மேல் இழிவானவை, ஆபத்தானவை என்று 2019இல் அதை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டு, லட்சக்கணக்கான படங்களை நீக்க முன்வந்தார்கள். அதே 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கறுப்பின மக்களின் பேச்சுவழக்கில் எழுதிய ட்விட்டர் பதிவுகளை எந்திரம் கூடுதலாக வசை என்று முத்திரை குத்துவதைக் காட்டியது. காரணம், லேபிள் போட்டவர்களின் காது. இது அந்த மக்களின் வழக்கு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது அதே வேலையில் தவறான முத்திரை குறைந்தது. ஆக, யார் உட்காருகிறார்கள், என்ன சொல்லி உட்கார வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கேயும் இதேதான் நடக்கும். நம்ம பையன் தன் சாதிப் பேரைத் தலைநிமிர்ந்து எழுதினால் எந்திரம் அதைத் தடுக்கும். பேர் சொல்லாமல் திட்டுகிறவனை விட்டுவிடும்.

'ஆளாளுக்கு ஒன்று சொன்னால் எந்திரம் எப்படிக் கற்கும்?' என்று என் மேலாளர் கேட்பார். கற்கும். மூன்று பதிலையும் அழிக்காமல் வைத்தே பயிற்றுவிக்கும் வழிகளை ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். செலவு கூடும், அவ்வளவே.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். ஒன்று, வசை, வெறுப்பு சம்பந்தமான வேலையில் மாறுபட்ட பதிலைப் பிழையாகக் கணக்கிட்டு ஆளை நீக்கக் கூடாது. இரண்டு, கைடுலைன் எழுதும் மேஜையில் அந்த வசையை வாங்குகிறவர்கள் உட்கார வேண்டும். மூன்று, குறைந்த எண்ணுக்கு எதிராக முறையிட வழி வேண்டும், செய்த வேலைக்குக் கூலி நிற்கக் கூடாது. நான்கு, சங்கம். கென்யாவின் நைரோபியில், சமூக ஊடகக் குப்பையை வடிகட்டிக் கொடுத்த கூலிகள் 2023 மே தினத்தன்று கூடி சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது? நம் இயக்கங்கள் பஞ்சமி நிலத்துக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் போராடுகின்றன, போராட வேண்டும். மாடியில் சிஸ்டத்தின் முன்னால் இருக்கிற நம்ம பிள்ளைகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிளையண்டுக்குப் போன கோப்பில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பெண் போட்ட 'வசை' எதுவும் அதில் இல்லை. இதைப் படிக்கிற மாணவர்களில் சிலர் நாளைக்கு என் நாற்காலியில் உட்காருவீர்கள். ரெண்டு பேர் ஒரு பக்கம், ஒருத்தி மட்டும் ஒரு பக்கம் என்று வந்தால், எண்ணைப் பார்க்கும் முன் அந்த ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நானும் கேட்டேன். சரியான பதிலும் வந்தது. அந்தப் பதிலை நான் மேலே அனுப்பவில்லை, பட்டியலைத்தான் அனுப்பினேன். நீங்கள் பதிலை அனுப்புங்கள்.